அசேலியாவும் அளவுக்கு மிஞ்சிய பராமரிப்பும்

மலைப் பிரதேசங்களில் வீட்டு முற்றத்திலும் பொதுக் கட்டடங்களின் முகப்பிலும் குள்ள அசேலியாச் செடிகளை நட விரும்புவோர் பலர். நட்டவற்றில் அநேகம் இரண்டொரு வருஷங்களில் பட்டுப்போகவே, செடியின் மீது பழி சுமத்தப்படுகிறது. உண்மையில் இச்செடி அசட்டையால் மடிவதைவிட, மாமரத்துக்கும் ரோஜாவுக்கும் செய்யும் உபசாரங்களை இதற்கும் செய்வதாலேயே அதிகமாக மடிகிறது.

வருஷம் முழுவதும் பசுமை மாறாத குள்ள ஜாதிகளில் பெயர் பெற்றவை, ஜப்பான் தேசத்துக் கியூஷூ தீவிலுள்ள குருமே நகரத்தில் உண்டானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெருக்கப்பட்ட இவை, 1915-ல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் வைக்கப்பட்டன. 1918-ல் வில்சன் என்னும் தாவர சேகரிப்பாளர் குருமேக்கே சென்று, ஐம்பது வகைகளைத் தேர்ந்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். இவற்றின் மூதாதைகள் கியூஷூவின் எரிமலைச் சரிவுகளில், மழையும் மூடுபனியும் மிகுந்த புளிப்பு மண்ணில் வளர்ந்தவை. அசேலியா என்ற பெயருக்குக் கிரேக்க பாஷையில் வறட்சி என்று பொருள். பெயர் வைத்தவர் செடிக்கு இழைத்த அநீதி அது. நீலகிரிச் சோலையோரங்களில் செந்நிறமாய்ப் பூக்கும் காட்டுப் பூவரசும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், எத்தகைய நிலம் இதற்கு ஏற்கும் என்பதை மலைவாசிகள் எளிதில் ஊகிக்கலாம். சமவெளியின் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் இதைக் கொண்டுவருவது வீண் செலவேயாகும்.

பிழைகளுள் முதன்மையானது ஆழ நடுதல். அசேலியாவின் வேர்கள் மயிரைப் போல் மெல்லியவை. பெரும்பாலும் மேல்மண்ணின் அரை அடிக்குள்ளேயே பரவுபவை. ஆழக் குழியில் இறக்கி மண்ணை மிதித்து இறுக்கினால், நீர் தேங்கி வேர் அழுகுகிறது. வேர்ப்பந்தின் மேற்பாகம் நிலமட்டத்துக்கு ஓர் அங்குலம் உயர்ந்தே நிற்கும்படி, ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிக் குழி எடுத்தல் வேண்டும். மக்கிய இலைமண்ணைக் கலந்து நிரப்பி, மேலே இரண்டு மூன்று அங்குலம் சருகு பரப்புவது நலம். சருகு தண்டைத் தொடலாகாது. பிறகு களைக்கொத்தை அவ்விடத்தில் காட்டவே கூடாது. களையைக் கையால் பிடுங்குவதே முறை.

இரண்டாவது பகை சுண்ணாம்பு. மண்ணின் அமில அளவு 4.5 முதல் 6 வரை இருந்தால் செடி செழிக்கும். அதற்கு மேற்பட்டால் இரும்புச் சத்தை வேர் ஏற்க இயலாது. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இளந்தளிர் மஞ்சளாகிறது. அதிகாரிகள் வருகையை முன்னிட்டுப் பாத்தியோரக் கற்களுக்கு வெள்ளையடிப்பது எங்கும் உள்ள வழக்கமல்லவா? அச்சுண்ணாம்பு மழையில் கரைந்து வேருக்கே இறங்குகிறது. அடுப்புச் சாம்பலும் அதே தீங்கைச் செய்யும். மண் பரிசோதனையில் அமிலத்தன்மை குறைந்திருப்பது தெரிந்தால், கந்தகத் தூளைச் சிறுகச் சிறுக இடலாம்.

கத்தரிப்பில் காலமே முக்கியம். ஜப்பானியர் இச்செடியை உருண்டையாகக் கத்தரித்தாலும், பூ ஓய்ந்த உடனேயே அதைச் செய்து முடிக்கின்றனர். அடுத்த பருவத்தின் மொக்குகள் அதற்குப் பின் சில மாதங்களிலேயே கட்டிவிடுவதால், காலந்தாழ்த்திக் கத்தரிப்பவர் வரும் வருஷத்துப் பூக்களையே வெட்டியெறிகிறார். முழு வெயிலில் நிற்கும் செடிகளில் இலை வெளிறி, அடிப்புறத்தில் கரும்பொட்டுகள் காணின் அது சாறு உறிஞ்சும் பூச்சியின் வேலை. இலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் அடிப்பதும் நிழல் தேடி நடுவதும் போதுமானவை.

கத்தரித்த கிளைகளை என்ன செய்வது என்பதில் மட்டும் சிறிதும் அலட்சியம் கூடாது. அசேலியாவின் இலையும் பூவும் ஆடுமாடுகளுக்கு விஷம். தின்ற ஆடு எச்சில் வடித்து, வாந்தியெடுத்துத் தள்ளாடும். சிறிதளவே உயிருக்கு ஆபத்தாகலாம். பசுந்தழை அகப்படாத நாட்களில் வேலிக்கு வெளியே எறியப்பட்ட கிளைகளைக் கால்நடைகள் விட்டுவைப்பதில்லை. ஆகையால் அவற்றை அன்றைக்கே ஆழப் புதைத்துவிட வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கை ஒட்டிய வேலிகளிலும், வெள்ளாடு வளர்க்கும் வீட்டு முற்றத்திலும் இச்செடியை நடாதிருப்பதே உசிதம்.