யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை

இந்த வாரம் முழுக்க ஒரு காணொளி என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டு. எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுகிறான். மேல்படியில் நிற்பவர் அவன் கையைப் பிடித்து இழுக்கிறார். கீழ்ப்படியில் நிற்பவர் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார். "ஆம்பளைப் புள்ளை அழலாமாடா?" என்று ஒரு குரல். ஒரே சிரிப்பு. அடுத்த காட்சியில் பையன் உச்சியில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான். சுற்றிலும் கைதட்டல். "பயம் போயிடுச்சு!" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றவனுக்கு எந்தப் பயமும் போயிருக்காது. இனிமேல் உயரமான படிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவதைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியபோது, "எங்களையும் அப்படித்தான் தள்ளினார்கள், நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று நிறையக் கடிதங்கள் வந்தன. அந்த வாசகர்கள் இன்றைக்கும் கோபிக்கக்கூடும். ஆனால் அப்படித் தள்ளப்பட்டு, ஆயுசுக்கும் தண்ணீரில் கால் வைக்காமல் போனவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள்.

உயரத்துக்குப் பயப்படுவது கோழைத்தனம் இல்லை. நாம் விழாமல் நிற்பதற்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மட்டும் போதாது. கண்ணும் வேலை செய்ய வேண்டும். பக்கத்தில் அசையாமல் இருக்கும் பொருள்களை வைத்துத்தான் உடம்பின் சின்னச் சின்ன ஆட்டங்களைக் கண் கண்டுபிடிக்கிறது. உயரத்தில் பக்கம் என்று எதுவும் இல்லை, எல்லாமே தூரம். கண் தடுமாறுகிறது, உடம்பு கூடுதலாக ஆடுகிறது, தலை கிறுகிறுக்கிறது. சுவரையோ கம்பியையோ பற்றிக்கொண்டதும் கொஞ்சம் தெளிவது இதனால்தான். குறுகலான சுழல்படிகளைக் கண்டு மிரள்வதற்கும் காரணம் உண்டு. 1981 டிசம்பர் 4 அன்று டெல்லி குதுப்மினாருக்குள் விளக்குகள் அணைந்து, இருட்டில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு அங்கே பொதுமக்களை மேலே விடுவதில்லை.

கலங்கரை விளக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் வேறொரு பையன் குறுக்கே வருகிறான். இருபது வயது, சட்டப் படிப்பை முடிப்பதற்காக 1770-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு வந்தவன். பின்னாளின் ஜெர்மன் மகாகவி கதே.

அந்த வயதில் கதேக்கு நான்கு தொல்லைகள். உயரத்திலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றும். பெரிய சத்தம் ஆகாது. நோயைக் கண்ணால் பார்க்க முடியாது. இருட்டு என்றால் உள்ளூர நடுக்கம். ஒவ்வொன்றையும் அவரே எடுத்துக்கொண்டு தனக்குத் தானே வைத்தியம் பார்த்தார். மாலையில் படைவீரர்கள் முரசடித்துக்கொண்டு போகும்போது, நெஞ்சே வெடித்துவிடும் போன்ற அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நடந்தார். சட்ட மாணவராக இருந்துகொண்டு மருத்துவ வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். இரவில் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனார். உயரத்துக்கு மருந்து அந்த ஊர்ப் பேராலயத்தின் கோபுரம்.

சாதாரணக் கோபுரம் அல்ல அது. வோஜ் மலையின் செந்நிற மணற்கல்லால் எழுப்பி 1439-இல் முடித்தார்கள். உயரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் அதற்குத்தான். பூமியில் அதைவிட உயரமாகக் கட்டிய எதன் மீதும் ஏற முடியாத காலத்தில், தலைசுற்றல் உள்ள ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

எப்படி ஏறினார் என்பதைத் தன் வரலாறான 'கவிதையும் உண்மையும்' நூலில் சொல்லியிருக்கிறார். நான் எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பக்கங்கள் அவை. தனியாகப் போகிறார். கோபுரத்தின் முடிக்குக் கீழே கழுத்துப் போன்ற பகுதியில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகுதான் துணிந்து வெளியே காலடி வைக்கிறார். ஒரு முழச் சதுரம்கூடத் தேறாத திட்டு. பிடித்துக்கொள்ளச் சரியாக எதுவுமில்லை. எதிரே எல்லையில்லாத நாட்டுப்புறம். காலடியில் இருக்கும் தேவாலயத்தையோ கல் வேலைப்பாடுகள் மறைத்துவிடுகின்றன. ஆகாயக் கூண்டில் மிதப்பதைப் போல இருந்தது என்கிறார். ஆகாயக் கூண்டைக் கண்டுபிடித்த மோங்கோல்ஃபியே சகோதரர்கள் அதைப் பறக்கவிட்டதே 1783-இல்தான். அறுபதைத் தாண்டிய கதே அந்த வாலிபனின் அனுபவத்துக்குப் பின்னாளில் தேடிக் கொடுத்த உவமை அது.

அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு முக்கியம். ஐரோப்பாவின் பெரிய மேதை ஒருவர் அங்கே உட்கார்ந்து பயத்தோடு இருந்திருக்கிறார். அதைத் துரத்தவில்லை, மறைக்கவுமில்லை. இறங்கிப் போய் மறுபடி வந்திருக்கிறார். மனம் எதையும் பொருட்படுத்தாத நிலை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். பிற்காலத்தில் மலைகளில் பாறைகளை ஆராய்ந்தபோதும், கட்டடங்களின் வெற்று உத்தரங்களில் தச்சர்களுக்கு இணையாக நடந்தபோதும், ரோமில் உயரத்தில் இருந்த கலைப்படைப்புகளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தபோதும் இந்தப் பயிற்சி கைகொடுத்ததாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறார். இருட்டுப் பயம் அடியோடு போய்விட்டது. பிறகு ஒருநாள் சிறுவயதின் அந்த இனிய சிலிர்ப்பு மறுபடி வேண்டும் என்று தோன்றியபோது, எவ்வளவு கோரமான கற்பனைகளை வரவழைத்தும் அது அரைகுறையாகத்தான் வந்ததாம். பயத்தோடு கூடவே ஏதோ ஒன்றும் போய்விடுகிறது என்று ஒப்புக்கொள்கிற நேர்மை, துணிச்சலைப் போதிக்கிற புத்தகங்களில் நான் காணாதது.

உயரம் எனக்கும் ஆகாது. இந்தப் பக்கங்களைப் படித்திருந்ததால்தான், ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எல்லை தாண்டி அந்தக் கோபுரத்துக்குப் போனோம். சுமார் 330 படிகள் ஏறினால் 66 மீட்டர் உயரத்தில் அகலமான ஒரு தளம். படிக்கட்டின் கல் இடைவெளிகளில் ஊர் கீழே போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. மேலே வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, பையை நான் வச்சுக்கறேன், நீ உட்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் அந்தப் பக்கம் போனாள். மருமகனும் பேரனும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நெஞ்சுத் துடிப்பு அடங்கியதும் நானாக எழுந்து கைப்பிடிச் சுவரருகே போனேன். ஒரு பக்கம் வோஜ் மலைத்தொடர், மறுபக்கம் ஜெர்மனியின் கருங்காடு. கண்ணைத் திறந்தே பார்த்தேன்.

மருத்துவமும் இதே போன்ற வழியைத்தான் சொல்கிறது. 1958-இல் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி ஒரு நூல் வெளியிட்டார். பயத்தைச் சிறு அளவுகளாகப் பிரித்து, ஒன்று பழகிய பிறகே அடுத்ததுக்குப் போகும் சிகிச்சையை அதில் விவரித்தார். இன்று உயரத்துப் பயத்துக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள்: பயப்படுபவரின் சம்மதத்தோடு, அவரது வேகத்தில், திரும்பத் திரும்ப.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள். பிள்ளைகளைக் கோபுரங்களுக்கு அவசியம் கூட்டிப் போங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்தப் படியில் நிற்பது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். அங்கே கூட உட்காருங்கள். இன்று பாதிதான் ஏறினான் என்றால் அடுத்த விடுமுறைக்கு மறுபடி கூட்டிப் போங்கள். போவதற்கு முன் முடிந்தால் கதேயின் அந்தப் பக்கங்களைப் படித்துவிடுங்கள்: 1812-இல் வெளிவந்த இரண்டாம் பாகம், ஒன்பதாம் புத்தகம்.