தலைக்கு மேலே எக்ஸ்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் கணக்கு வாத்தியாருக்கும் வந்த தகராறெல்லாம் எக்ஸால் வந்ததுதான். தரையில் நிற்கிற எக்ஸை எப்படியோ சமாளித்துவிடுவேன். ஒருநாள் அதைத் தூக்கி 2-ன் தலைமேல் உட்கார்த்தி, "இது 32-க்குச் சமம். எக்ஸ் எவ்வளவு?" என்றார்.

விழித்தேன்.

"ரெண்டை அஞ்சு தடவை பெருக்கினா 32. அடி ஒண்ணாயிட்டா அடுக்கும் ஒண்ணு. எக்ஸ் அஞ்சுடா!"

அட, சுலபம்! உடனே 32-ஐ அழித்துவிட்டு 10 போட்டார். வகுப்பே விழித்தது.

"அடி ஒண்ணாகலையா? ரெண்டு பக்கமும் லாக் எடு. அடுக்கு கீழே இறங்கிடும். அப்புறம் வெறும் வகுத்தல்."

ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் 1614-ல் லாக் அட்டவணை வெளியிட்டது என்னைப் பழிவாங்கத்தான் என்று நம்பினேன். "இது எதுக்கு சார் உதவும்?" என்று கேட்டும் விட்டேன்.

"உதவறப்போ தெரியும். முதல்ல விடைக்கு அலகு எழுதக் கத்துக்கோ!" அலகு எழுதாததற்காக அவர் வெட்டிய அரை மார்க்குகளைச் சேர்த்தால் இன்னொருத்தன் பாஸாகியிருப்பான்.

தங்கை கல்யாணத்துக்கு மூணு வட்டிக்கு 30,000 ரூபாய் வாங்கினேன். "முடியாத மாசம் விட்டுடுங்க தம்பி, வட்டியை அசலோட சேர்த்துக்கலாம்" என்றார் கொடுத்தவர். தங்கமான மனுஷன்! மாசம் 900. கடன் இரட்டிப்பாக 33 மாசத்துக்கு மேலாகும், அதற்குள் போனஸ் வந்துவிடும் என்றது என் பி.காம். மூளை. ஒரு மாசமும் கட்டவில்லை. ரெண்டு வருஷம் கழித்துப் போனால், சீட்டில் 60,984!

அன்று ராத்திரி தூக்கமில்லை. 1.03-ன் தலைமேல் எக்ஸ், சமம் 2. லாக் 2 என்பது 0.3010. லாக் 1.03 என்பது 0.0128. வகுத்தேன். இருபத்து மூன்றரை! வட்டி குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டிருக்கிறது.

மனைவி ஒன்றும் பேசாமல் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். பாங்க் நகைக்கடனில் அதை வைத்துத்தான் அடைத்தேன். இன்னும் மீட்டபாடில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் வாத்தியார். "சார், எக்ஸ் கண்டுபிடிச்சுட்டேன்."

"எவ்வளவு?"

"இருபத்து மூன்றரை மாசம்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லையே, அலகு போட்டுட்டியே!" என்றார்.