பானெட் என்ன, சோற்றுப்பானை மூடியா?

ஹைதராபாத்தில் டர்போ காரை ரீமேப் செய்தவர்கள் பானெட்டுக்குள் ஏறும் சூட்டுக்காகக் கவலைப்படவே வேண்டாமாம். நண்பர் அடித்துச் சொல்கிறார். ஊர் மேட்டில் இருக்கிறது, காற்று வறண்டது, ஃபார்முலா ஈ பந்தயமே நடந்த ஊர். மிஞ்சிப்போனால் பானெட்டின் பின்பக்கக் கீலில் இரண்டிரண்டு வாஷர் போட்டுத் தூக்கிவிட்டால் சூடு தானாக மேலே போய்விடுமாம்.

பந்தயத்தை முதலில் முடித்துவிடுவோம். உசேன் சாகர் கரையில் அது நடந்தது 2023 பிப்ரவரி 11 அன்று. ஓடியவை மின்சாரக் கார்கள். டர்போவே இல்லாத வண்டியை டர்போ சூட்டுக்குச் சாட்சியாக அழைத்துவர அசாத்தியத் துணிச்சல் வேண்டும். கோடை உச்சத்தில், ரோகிணி கார்த்தெயில் உரலே வெடிக்கும் என்ற தெலுங்கு வழக்கையாவது அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கலாம்.

மேட்டுக் கதை இன்னும் மோசம். ஊர் 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிட ஐந்தாறு சதவீதம் குறைவு. அதே அளவு காற்றை அடைக்க டர்போ கூடுதலாக அமுக்க வேண்டும். அமுக்க அமுக்கக் காற்று கொதிக்கும். கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம், அழுத்தம் 2.1 மடங்கு என்று கணக்குப் போடுங்கள். 40 டிகிரியில் நுழையும் காற்று ஏறத்தாழ 145 டிகிரியில் வெளிவரும். நண்பர் மெச்சும் திறந்த ஃபில்டரை எஞ்சினுக்கு அருகில் மாட்டி 70 டிகிரிக் காற்றைக் குடிக்கவிட்டால், 185. வாசலில் 30 டிகிரி வித்தியாசம், மறுமுனையில் 40. இன்டர்கூலரால் இதை முழுக்கச் சமாளிக்க முடியாது. எஞ்சின் தட்டத் தொடங்கும், எஞ்சினை ஆளும் கணினியான இசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், காசு கொடுத்து ஏற்றிய குதிரைத்திறன் கச்சிபௌலி தாண்டுவதற்குள் காணாமல் போகும்.

தெர்மோஸ்டாட்டையும் கழற்றச் சொல்கிறார் நண்பர். அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சூடேறிய எஞ்சினில் அது ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது.

டர்பைனுக்குள் போகும் புகை, முழு மிதியில் 800 டிகிரியைத் தாண்டும். அடக்க வேண்டிய இடம் அதுதான்: டர்போவுக்குப் போர்வை, டவுன்பைப்புக்கு செராமிக் பூச்சு, பக்கத்து ஹோஸ்களுக்கு வெப்பத் தடுப்புத் தகடு. இதையெல்லாம் வெட்டிச் செலவு என்கிறார் நண்பர். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நாடா சுற்றினால் விரிசல் விடலாம் என்று அவர் எச்சரிப்பது மட்டும் சரி. அதற்காக டர்போவையே அம்மணமாக விடுவதா?

கடைசியாக வாஷர். ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடியில் காற்று மோதித் தேங்குகிறது. அங்கே அழுத்தம் அதிகம். கேபினுக்கான காற்றைக் கம்பெனிகள் அங்கிருந்து எடுப்பதே அதனால்தான். அந்த இடத்தில் இடுக்கு வைத்தால், அவுட்டர் ரிங் ரோட்டில் 100-இல் போகும்போது காற்று வெளியே வராது, உள்ளே புகும். ரேடியேட்டரைக் கடந்து வந்த காற்றுக்குப் போக்கிடம் சுருங்கும். திறப்பு வேண்டுமென்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் வைக்க வேண்டும்.

வண்டி நிற்கும்போது சூடு அந்த இடுக்கு வழியே மேலே போகும், மறுக்கவில்லை. போய் எங்கே சேரும்? அமீர்பேட்டை சிக்னலில், மே மாதப் பகல் இரண்டு மணிக்கு, நண்பரின் ஏசி காற்று உறிஞ்சும் வாய் அந்த இடுக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.