மகளின் கையில் வாள்

டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் எமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவரை இழந்தவர், கொழுந்து பறித்து ஒரே மகளைப் படிக்க வைத்தவர். கொழும்பிலே கல்லூரியில் பயிலும் அப்பெண், அங்கு மகளிர் வாள்வீச்சுக் கழகத்திற் சேர்ந்திருக்கிறாள். விடுமுறைக்கு வீடு வந்திருப்பவள், அடுத்த மாதம் நடைபெறவிருக்கும் சாம்பியன் போட்டிக்குச் செல்லத் தாயின் சம்மதத்தைக் கேட்டு நிற்கிறாள். பெண்பிள்ளைக்கு வாள் எதற்கு? முகத்திலே வெட்டுப்பட்டால் நாளை யார் பெண் கேட்டு வருவார்கள்? நம்மவருள் எவளாவது இதைச் செய்திருக்கிறாளா? இவை தாயாரின் கேள்விகள். கடிதத்தின் ஓரத்திலே, சிறிய எழுத்தில், செலவைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. உண்மையான கவலை அதுதானோ என்று எமக்குத் தோன்றுகிறது.

சகோதரி, முதலிற் காயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். இந்த வாளுக்குக் கூர் கிடையாது. உங்கள் வீட்டுக் கவ்வாத்துக் கத்தி இதைக் காட்டிலும் ஆபத்தானது. முகத்தை முழுவதும் மூடும் கம்பி வலைக் கவசம், தடித்த துணியாலான மேலங்கி, அதனுள்ளே இன்னொரு காப்பு, பெண்களுக்கு மார்புக் கவசம், இவையின்றி எவரையும் போட்டிக் களத்திலே இறங்க விடமாட்டார்கள். வாள் பட்டதை மின்விளக்கு எரிந்து காட்டும். இரத்தம் காட்ட வேண்டியதில்லை. ஆயினும் உங்களிடம் ஒன்றை மறைப்பது முறையன்று. 1982ஆம் ஆண்டு ரோம் நகரில் நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டியில், எதிராளியின் வாள் முறிந்து முகக்கவசத்தைத் துளைத்ததால் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன் பின்னரே வாளின் உருக்கு, கவசத்தின் வலை, அங்கியின் துணி ஆகிய யாவற்றுக்கும் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "உனக்கு வாள் எதற்கு?" என்பதன்று, "உன் கழகத்திலே கவசங்கள் நல்ல நிலையில் இருக்கின்றனவா?" என்பதே.

நம்மவருள் எவளாவது செய்திருக்கிறாளா என்று கேட்டீர்கள். செய்திருக்கிறாள். சென்னை வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவி என்னும் பெண், 2004ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளியிலே விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனாள். மற்ற விளையாட்டுகளில் இடம் நிறைந்துவிட்டமையால் வாள்வீச்சு அவளுக்கு வாய்த்தது. இது செலவு மிகுந்த விளையாட்டு, உன் தகப்பனாரின் வருமானம் என்ன என்று கேட்டார்களாம். தந்தையார் கோயில் அருச்சகர். சிறுமி தொகையைக் கூட்டிச் சொல்லிவிட்டாள்! பொய் சொல்வது தவறுதான். ஆனால் அந்தப் பொய்யை எண்ணும்போது எமக்குக் கோபம் வரவில்லை. உங்கள் மகளும் கழகத்திற் பெயர் கொடுத்த அன்று என்ன சொன்னாள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வாள் விலை அதிகம்; முறிந்தால் வேறு வாங்க முடியாது. ஆகையால் அச்சிறுமிகள் மூங்கிற் கழிகளைக் கொண்டு பழகிவிட்டு, உண்மையான வாளைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தினார்கள். அவள் தாயார் ரமணி அம்மையார் நகைகளை அடகு வைத்தார். பின்னர் பவானி கேரளத்துத் தலைச்சேரிக்குச் சென்று, விளையாட்டுப் பயிற்சி நிலையத்திலே தங்கி, அவ்வூர் பிரெண்ணன் கல்லூரியிற் கல்வியையும் தொடர்ந்தாள். வாளுக்காகப் படிப்பை விட்டாளில்லை. பிற்காலத்தில் இத்தாலிக்கும் போய்ப் பயின்றாள்.

அவள் கைக்கொண்டது சேபர் என்னும் வகை. இடுப்புக்கு மேலே, தலையும் கைகளும் உட்பட எங்கு பட்டாலும் புள்ளி. வாளின் நுனியாலும் தொடலாம், விளிம்பாலும் தொடலாம். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இது 1896 முதலே உண்டு. பெண்களுக்கோ, மெல்லிய ஃபாயில் வாளை 1924இல் அனுமதித்தவர்கள், சேபரைக் கொடுக்க 2004 வரை காலம் கடத்தினார்கள். பவானி மூங்கிற் கழியைக் கையிலெடுத்த அதே ஆண்டு! இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு: முன்னேறும்போது பின்காலை முன்காலுக்கு அப்பால் தாண்டி வைக்கலாகாது. கூடையைச் சுமந்துகொண்டு ஈர மலையிலே நிரை பிடித்து ஏறிய உங்களுக்கு, ஒரு காலை நன்றாக ஊன்றாமல் மறு காலை எடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லவேண்டுமா? மகளின் ஆட்டத்தை ஒரு தடவை பாருங்கள். அவள் கால்களை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி, டோக்கியோ ஒலிம்பிக்கில், பார்வையாளரற்ற அரங்கிலே பவானி தேவி களமிறங்கினார். வாள்வீச்சிலே ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியர் அவரே. முதல் ஆட்டத்தில் தூனிசியா நாட்டு வீராங்கனையை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்திற் பிரான்சு நாட்டு மனோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். தோற்றதும் நாட்டு மக்களிடம் வருத்தம் தெரிவித்து எழுதினார்! நம் பெண்பிள்ளைகள் தோற்றால் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆண்பிள்ளைகள் தோற்றால் நடுவரைக் குறை சொல்லுகிறார்கள். உங்கள் மகள் தோற்று வந்தால் அவளை மன்னிப்புக் கேட்க விடாதீர்கள். 2023ஆம் ஆண்டு சீனத்து வூசி நகரில் நடைபெற்ற ஆசியச் சாம்பியன் போட்டியில், அப்போதைய உலகச் சாம்பியனான யப்பானிய வீராங்கனை மிசாகி எமுராவை இதே பவானி 15-10 என்று வென்று வெண்கலப் பதக்கம் பெற்றார்.

செலவுக்கு வருவோம். நகையை அடகு வையுங்கள் என்று எழுத எமக்கு மனம் வராது. ஒரு தாய் அடகு வைத்ததனால் ஒருத்தி ஒலிம்பிக் போனாள்; அடகு வைத்தும் போகாதவர்கள் பற்றி எவரும் எழுதுவதில்லை. கவசமும் வாளும் கழகத்திற்குச் சொந்தமாக இருந்தால் மாணவிகள் அவற்றை மாறி மாறி அணிந்துகொள்ளலாம். அவ்வாறு உண்டா என்று பொறுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அப்படி இருந்தால், இப்போதைக்கு உங்கள் பங்கு போக்குவரத்துச் செலவும் ஒரு நல்ல சப்பாத்துமே. அதற்கு மேல் ஆகுமென்றால், எவ்வளவு என்பதை மகளும் நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவளுக்குத் தெரியாமற் கடன் வாங்காதீர்கள்.

கலியாணத்தைப் பற்றிய கேள்விக்கு எம்மிடம் நீண்ட விடை இல்லை. வாள் பிடித்தவள் என்று பின்வாங்கும் மாப்பிள்ளை, பின்வாங்கியதே நன்று.

இன்னும் ஒன்று. பவானி தமது முதலாவது சர்வதேசப் போட்டிக்காக, பதினான்கு வயதிலே, துருக்கி நாட்டிற்குப் போனபோது மூன்று நிமிடம் பிந்திக் களத்துக்கு வந்தார். கறுப்பு அட்டை காட்டி அவரைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பிரட்டுக்குப் பிந்தியவளுக்குப் பேர் விழாது என்பதை அறிந்த உங்களுக்கு இது விளங்கும். ஹட்டனிலிருந்து புறப்படும் ரயிலையும், மலைப்பாதை மூடுபனியையும் நம்பிப் போட்டியன்று காலை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு நாள் முன்னதாகவே மகளைக் கொழும்புக்கு அனுப்பிவிடுங்கள். விடுப்புக் கிடைக்குமானால் நீங்களும் உடன் செல்லுங்கள்.