பாசி எடுக்கும் பெண்கள் பவளம் காட்டட்டும்

அருப்புக்கோட்டைப் பக்கம் புதிதாகக் கல்யாணம் முடித்த பிள்ளைகள் இப்போதெல்லாம் அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் போகிறார்கள். கண்ணாடி மாட்டி, குழாய் வழியாக மூச்சு விட்டு, கடலுக்குள் மீன் பார்க்கிற படங்கள் செல்போனில் வருகின்றன. கண்மாயில் தண்ணீர் நின்றால் அதுவே திருவிழா என்று வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்குக் கடல் மேல் ஆசை வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பவளமும் மீனும் நம்ம குண்டாறு போய்ச் சேருகிற கடலிலேயே இருக்கின்றன என்பதை எத்தனை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலைத் தொட்டுப் போகிற ஆறு, கமுதி தாண்டி, சாயல்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டினாற்போல் 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது. நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் அங்கே உண்டு. திருச்சுழியில் ரயில் ஏறி மானாமதுரையில் மாறினால் ராமேஸ்வரம். அந்தமானுக்கு விமான டிக்கெட் எடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையும் பவளம் பார்க்கலாம்.

அதை யார் காட்டுவது என்பதுதான் என் கேள்வி. வெளியூரிலிருந்து ரிசார்ட் கட்ட வருகிறவர்கள் அல்ல, ராமேஸ்வரம் தீவின் பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடாப் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களே காட்ட வேண்டும் என்கிறேன். அந்தக் கூலியும் அவர்கள் கைக்கே போக வேண்டும்.

தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே, பாக் விரிகுடாப் பக்கம் இருக்கிறது ஓலைக்குடா. அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பார் தொடங்கிவிடும். பாறையை ‘பார்’ என்பது கடற்கரை வழக்கு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய காலத்தில் கரும்பலகையில் பவளத்தை வரைந்து வரைந்து எனக்குக் கை பழகியிருந்தது. ஓலைக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை வைத்தபோது பார்த்தது வேறு. மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளத்தின் நுனிகள் வெளுத்து, அடிப்பாகம் தேன் நிறத்தில் இருந்தது. இடுக்கில் வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட குட்டி மீன்கள் ஒன்றாக வெளியே வந்து ஒன்றாக உள்ளே போயின. ஒரு கிளிமீன் பாறையைக் கொறித்தது. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் என் காதில் கேட்டது.

என்னைக் கூட்டிப் போனவர் பாசி எடுக்கிற ஓர் அக்கா. நான் லைஃப் ஜாக்கெட்டோடு தத்தளிக்க, அவர் சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடியை இறுக்கி, விரல்களில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு குழாய் எதுவும் இல்லாமல் மூழ்கினார். நான் மூச்சை அடக்கிப் பார்த்துத் தோற்று, மறுபடி இழுத்து விட்ட பிறகும் அவர் மேலே வரவில்லை. வந்தபோது இடுப்புப் பையில் மரிக்கொழுந்துப் பாசி. நோன்பு நாளில் நம் ஊரிலும் காய்ச்சுகிறார்களே கடல்பாசி, அது இந்தச் சரக்கிலிருந்து வருவதுதான். விரல் துணியை அவிழ்த்துக் காட்டினார். பார் கீறிய தழும்புகள், ஆறியதும் ஆறாததுமாக. “டீச்சர், அந்த வெள்ளையாக் கிடக்கே, அது செத்தது. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில இங்க இத்தன வெள்ளை கிடையாது” என்றார்.

அவர் கண்ணால் பார்த்ததைத்தான் ஆய்வாளர்கள் எண்ணிக்கையாகச் சொல்கிறார்கள். 2016-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது, மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியதாகத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. முன்பு சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது வேறு. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. காரியாச்சல்லி தேய்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் சுற்றுலாவா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தாய்லாந்தில் மாயா விரிகுடாவைச் சுற்றுலாக் கூட்டம் மிதித்துக் கெடுத்ததால் 2018-ல் மூடினார்கள், 2022-ல்தான் திறந்தார்கள். பலாவு நாட்டில் இறங்கும் பயணி, இந்தத் தீவைக் கெடுக்க மாட்டேன் என்று பாஸ்போர்ட்டில் குத்திய உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். பவளத்தைக் கெடுக்கும் ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனுக்கும் அங்கே தடை. நமக்கும் கட்டுப்பாடு வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஆனால் அதைக் காவல் காக்க அந்தப் பெண்களைவிடப் பொருத்தமானவர் யார்? மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அதை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் ‘சீகாலஜி’ விருது கிடைத்தது, அமெரிக்காவிலிருந்து. நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயரைப் பார்க்க எனக்கு ஆசை.

கொரியாவின் ஜேஜு தீவிலும் மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஹேன்யோ என்று பெயர். அவர்கள் மரபை 2016-ல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. உலகமே போய்ப் பார்க்கிறது. நம் பெண்கள் பரம்பரையாகப் பாசி எடுத்த தீவுக்கரைகளில் அனுமதியில்லாமல் கால் வைத்தால் குற்றம். ஆனால் பாம்பன் பக்கம் குந்துகாலில் டிக்கெட் வாங்கினால் நானோ நீங்களோ வனத்துறைப் படகில் குருசடைத் தீவு போய் வரலாம். தீவைக் காக்க வந்த சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. விருந்தாளிக்குத் திறக்கிற கதவு அந்த வீட்டுக்காரிக்கு மூடியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். நண்டும் மீனுமாக ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். பண்பாடு பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அதுவே பண்பாடு. ஹோட்டல் மேடையில் ஆட்டம் போட்டுக் காட்டத் தேவையில்லை. அந்தக் குழம்பில் நம் கரிசல்காட்டு வத்தல் இருக்கும். நம் சந்தையில் விற்கிற நெத்திலிக் கருவாடு அவர்கள் மணலில் காய்ந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நம் பாட்டிமார் காலத்துக்கும் முந்தியது. பிள்ளைகள் அதை நேரில் பார்க்கட்டும்.

வனத்துறை செய்ய வேண்டியது இது: பாசி எடுக்கும் பெண்களுக்கு உயிர்காப்புப் பயிற்சியும் வழிகாட்டி அட்டையும் கொடுத்து, பவளம் பார்க்கும் படகு ஒவ்வொன்றிலும் அவர்களில் ஒருவரை ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பை அவர்களைக் கேட்டு வைக்க வேண்டும். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் சங்கத்துக்குப் போக வேண்டும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் கலங்கிக் கிடக்கும். மாசி வாக்கில் தெளிந்திருக்கும் என்று அந்த அக்கா சொன்னார். பள்ளிச் சுற்றுலாவை அந்த மாதத்தில் வைக்கலாம்.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாங்கள் கிணற்றிலும் கண்மாயிலும் குதித்து நீச்சல் பழகினோம். இப்போது கண்மாயில் சீமைக்கருவேலம் நிற்கிறது; என்னிடம் படித்த பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது, பெண்பிள்ளைகளில் அநேகமாக யாருக்கும் தெரியாது. கடலுக்குக் கூட்டிப்போகுமுன் அவர்களுக்கு நீச்சல் வேண்டும். திருச்சுழி, நரிக்குடி ஒன்றியங்களுக்குப் பொதுவாக ஒரு நீச்சல் குளம், அதில் பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம், சொல்லிக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளர். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்களும் கொடுங்கள்.