கைநாட்டு வாங்கினால் சம்மதம் ஆகிவிடுமா?

'அரிய நோய்' என்று ஒரு சொல்லை அரசாங்கம் புழங்குகிறது. அரிது என்றால் யாருக்கு அரிது? பெற்றவளுக்கு அவள் பிள்ளை ஒன்றே ஒன்றுதான். லட்சத்தில் ஒருத்தனுக்கு வரும் நோய் என்கிறார்களே, அந்த ஒருத்தன் மேலூர்ப் பக்கத்துச் சேரியில் களையெடுக்கப் போகிறவளின் மகனாக இருந்துவிட்டால், நோய்க்குப் பெயர் தெரிவதற்குள்ளேயே பாதி ஆயுள் போய்விடுகிறது.

கௌச்சர் நோயை எடுத்துக்கொள்வோம். பிறவியிலேயே உடம்பில் ஒரு நொதி குறைவு. அதனால் சிதையாத கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் போய்ச் சேர்கிறது. வயிறு ஊதும். ரத்தம் சுண்டும். எலும்பு முறியும். நம் பக்கத்தில் இதற்கு மாந்தம் என்பார்கள், மந்திரிப்பார்கள், சோகைக்கு மாத்திரை கொடுப்பார்கள். இப்படி ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த தாய்க்குத் துணையாக நானும் மதுரையில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு டாக்டர் சீட்டைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "சொந்தத்துல கட்டிக்கிட்டா இப்படித்தான்." குற்றவாளிக் கூண்டில் தாயை ஏற்றியாயிற்று. வைத்தியம் முடிந்தது.

சொந்தத்தில் கட்டினால் இந்த நோய்களுக்கு வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் நோய். ஆனால் மாமன் மகளோடு மட்டும் கணக்கை முடித்துக்கொள்கிறவர்கள் சாதியைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? 2017இல் ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அவற்றில் 81 குழுக்கள், சிறு எண்ணிக்கை முன்னோரிலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துகொண்டு வந்தவை. மரபு நோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட இந்த நெருக்கம் அவற்றில் அதிகம். 14 குழுக்களில் ஜனத்தொகை பத்து லட்சத்துக்கும் மேல். ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஆபரேஷனின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து இறங்காமல் மூச்சு நின்றுபோகிறதே, அதுவும் இப்படி வந்த நொதிக் குறைவுதான். பணம் படைத்த சாதியையும் சாதி விட்டுவைக்கவில்லை.

சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல், கொலம்பியாவில் படித்துக்கொண்டிருந்தபோதே நிறுவினார். நூறு வருஷம் கழித்து மரபணு அறிவியல் அதே வேலியில் வந்து முட்டி நிற்கிறது. சேரிகளுக்குள் உட்சாதி வேலி போட்டிருக்கிறோமே, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலி ஊரில் மட்டும் இல்லை, பிள்ளையின் மண்ணீரலிலும் இருக்கிறது.

இனி மருந்துக் கதை. குறைந்த நொதியை ஊசி வழியே ஏற்றும் வைத்தியத்தை அமெரிக்காவில் ராஸ்கோ பிராடி குழுவினர் 12 நோயாளிகளிடம் சோதித்து 1991இல் வெளியிட்டார்கள். பலன் இருந்தது, அந்த வருஷமே ஜென்சைம் கம்பெனியின் மருந்துக்கு அனுமதியும் கிடைத்தது. அந்த நொதியை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பெண்களின் நஞ்சுக்கொடியிலிருந்து. ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்துக்குச் சுமார் 20,000 நஞ்சுக்கொடிகள். நம் ஊரில் தீட்டு என்று சொல்லி, தாழ்த்தப்பட்ட பெண்களின் கையில் கொடுத்துப் புதைக்கச் சொன்ன அதே பொருள், புட்டியில் அடைத்ததும் உலகத்திலேயே விலை உயர்ந்த மருந்துகளில் ஒன்றாகிவிட்டது. 1994இல் செல்களை வளர்த்து நொதி எடுக்கும் முறைக்கு அனுமதி வந்தது. நஞ்சுக்கொடி தேவையில்லாமல் போயிற்று. ஆனால் ஏழைக்கு எட்டுகிற விலை வரவில்லை.

10 கிலோ எடையுள்ள குழந்தைக்கே சில அரிய நோய்களில் வருஷத்துக்கு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேலும் ஆகும், வயதும் எடையும் கூடக் கூடச் செலவும் கூடும் என்று 2021ஆம் வருஷத்து தேசிய அரிய நோய்க் கொள்கையே எழுதிவைத்திருக்கிறது. 2022இல் உதவித்தொகையை 50 லட்சமாக உயர்த்தினார்கள். ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்துக்கு ஒரு உச்சவரம்பு! பிள்ளை வளர்ந்தால் பெற்றவள் பூரிக்க வேண்டும். இங்கே தராசைப் பார்த்துப் பயப்படுகிறாள். இந்தக் கொள்கையும் சும்மா வரவில்லை. 2014இல் டெல்லியில் ஒரு ரிக்‌ஷாக்காரரின் மகன், கௌச்சர் நோயாளி, உயர் நீதிமன்றப் படியேறி இலவச வைத்தியத்துக்குத் தீர்ப்பு வாங்கினான். அதற்குப் பிறகுதான் டெல்லிக்காரர்களுக்குக் காது கேட்டது. 2017இல் போட்ட முதல் கொள்கையையும் 2018இல் நிறுத்திவைத்தார்கள்.

மருந்து கைக்கெட்டாத இடத்தில்தான் 'மருந்துச் சோதனை' வந்து நிற்கிறது. "வேற வழி இல்லைன்னா எதுல வேணும்னாலும் ஒப்பம் போடுறேன்ணே. ஆனா சோதனை முடிஞ்சதும் மருந்த நிப்பாட்டிப்புட்டா நான் எங்கிட்டுப் போறது?" என்று கேட்டாள் அந்தத் தாய். எந்த நெறிமுறைக் குழுவும் இதைவிடச் சரியாகக் கேட்டுவிட முடியாது. வழியையெல்லாம் அடைத்துவிட்டு ஒரே கதவைத் திறந்துவைத்து, "விருப்பப்பட்டுத்தான் உள்ளே வந்தாள்" என்று எழுதிக்கொள்கிறார்கள்.

கம்மம் மாவட்டத்தை மறக்கக் கூடாது. 2009-10இல் அங்கே ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு, பெரும்பாலும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். சோதனை என்று சொல்லாமல் 'செயல்விளக்கம்' என்றார்கள். ஆந்திரத்தில் பரிசோதித்த 9,543 சம்மதப் படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகச் சாடியது. பெற்றவர்கள் உயிரோடிருக்க வார்டன் யார் சம்மதம் கொடுக்க?

2019ஆம் வருஷத்து விதிகளில் சில நல்லவை உண்டு. சோதனையால் காயமோ சாவோ நேர்ந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். வேறு மருந்தே இல்லாத நோயாக இருந்து, மருந்து பலன் தந்திருந்தால், சோதனைக்குப் பிறகும் கம்பெனி இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆனால் மருத்துவர் சிபாரிசு செய்ய வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும்; அதற்கும் மேலே, அப்படி வாங்கும் மருந்தால் எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று நோயாளி எழுதிக்கொடுக்க வேண்டும். இன்னொரு கைநாட்டு!

2024 ஆகஸ்டில் மற்றொரு சலுகை வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த அரிய நோய் மருந்துகளுக்கு இங்கே சோதனையிலிருந்து விலக்குத் தரலாம். சீக்கிரம் மருந்து வரும் என்றால் நல்லதுதான். ஆனால் விற்பனைக்கான தடையை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு விலையைக் குறைக்க மட்டும் கை வரவில்லை.

சோதனையே கூடாது என்பதல்ல என் வாதம். சோதனை இல்லாமல் மருந்து இல்லை. நாம் கேட்பது பிச்சை அல்ல, பங்கு. மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதியுங்கள். படிவத்தை எங்கள் தாய்மார் பேசுகிற தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, கேள்வி கேட்க அவகாசம் கொடுங்கள். உடம்பைக் கொடுத்தவனுக்கு ஆயுள் முழுக்க மருந்து என்பதைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே கம்பெனி எழுதிக்கொடுக்கட்டும். இத்தனை காலம் நம்மிடம்தானே கைநாட்டு வாங்கினார்கள். ஒரு தடவை அவர்கள் போடட்டும்.