வண்டி வந்துச்சாடா?

கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வாங்கி, கிளாஸுக்கே ட்ரீட் வெச்சு, இட்லிப் பொடியும் ஊறுகாய் பாட்டிலுமா வடக்கே ரயிலேறக் காத்திருக்கும் பார்ட்டிகளே... இந்த வாரம் உங்களுக்காகத்தான்! ஊறுகாய் பாட்டில் கையோடு வந்துடும். வீட்டு வாசல்ல நிக்கிற வண்டி எப்படி வரும்?

என் நண்பன் ஒருத்தனுக்கு குர்கான்ல வேலை. (2016-லேயே பேரை குருகிராம்னு மாத்திட்டாங்க. ஆனா, நம்ம வாய்க்கு இன்னும் குர்கான்தான்!) அவங்க அப்பா ரிட்டையர்மென்ட் பணத்துல ஆசையா வாங்கின 2015 மாடல் ஆல்டோ சென்னை வீட்ல சும்மா நின்னுச்சு. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். 'நான் இனிமே ஓட்ட மாட்டேன். நீயாவது வெச்சு ஓட்டுடா'ன்னு சாவியைக் கொடுத்துட்டார். 2,200 கிலோமீட்டர் தனியா ஓட்டிட்டுப் போற தில் பயலுக்குக் கிடையாது. நெட்ல தேடி, மூணு கம்பெனிக்கு போன் போட்டான்.

ஒருத்தர் 21,000 கேட்டார். இன்னொருத்தர் 19,000. மூணாவது ஆசாமி, 'உங்களுக்காக 11,500 சார்'னார். நம்மாளு எதைப் பிடிச்சான்னு கேட்கவே வேண்டாம். அந்த இடத்துல நான் இருந்திருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

பாதி பணம் அட்வான்ஸ். ஒரு டிரைவர் வந்து வண்டியை வீட்லேர்ந்து எடுத்துட்டுப் போனார். ரெண்டு நாள் கழிச்சு போன். 'சார், ஜிஎஸ்டி, டோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து இன்னும் 14,000 போட்டு விடுங்க. இல்லேன்னா வண்டி நகராது.' வண்டி எங்கேன்னா, நாக்பூர் குடோன்ல!

தினமும் சாயங்காலம் அப்பா போன் பண்ணுவார். 'வண்டி வந்துச்சாடா?' இவன், 'வந்துட்டு இருக்குப்பா.' இப்படியே 26 நாள். ராத்திரி தூக்கம் இல்லாம இவன் எனக்கு போன் பண்ணிப் புலம்புவான்.

அதுக்கப்புறம்தான் ஆளாளுக்கு விசாரிச்சோம். தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். முதல் விஷயம், போன்ல தேன் ஒழுகப் பேசுற ஆளுக்கும் லாரிக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அவர் புக்கிங் மட்டும் பிடிக்கிற ஏஜென்ட். வண்டியை ஏத்திட்டுப் போற கேரியர் இன்னொருத்தருது. அந்தக் கேரியர்காரருக்குக் கொடுக்க வேண்டியதை ஏஜென்ட் கொடுக்கலைன்னா, பிணைக்கைதியா மாட்டுறது நம்ம கார். அதனால முதல் கேள்வியே, 'கேரியர் உங்க சொந்த வண்டியா? எந்த குடோன்ல ஏத்துவீங்க? நான் நேர்ல வந்து பார்க்கலாமா?' இதுக்கு மழுப்பினா போனை வெச்சுடுங்க பாஸ்.

பேரைப் பார்த்தும் ஏமாறாதீங்க. பெரிய கம்பெனி பேர்ல ஒரு எழுத்தை மாத்திப் போட்டு உலாவுற டுபாக்கூர்கள் ஏகப்பட்டது. லெட்டர்பேடுல 'ஐபிஏ அப்ரூவ்டு'ன்னு சீல் இருக்கும். இந்திய வங்கிகள் சங்கம் தயார் பண்ற டிரான்ஸ்போர்ட்காரங்க பட்டியல்தான் அது. சீல் யார் வேணா குத்தலாம். பட்டியல்ல அதே பேரு, அதே ஊர் முகவரி இருக்கான்னு பார்க்கணும். 2007-ல் வந்த சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வாடகைக்குப் பலரோட சரக்கை ஏத்துறவங்க பதிவு பண்ணியிருக்கணும். அந்த நம்பரையும் கூச்சப்படாம கேளுங்க.

ஜிஎஸ்டி உண்டுதான். ஆனா, அது அவங்க வாங்குற வாடகைக்கு. உங்க கார் மூணு லட்சம் பெறும்னா அந்த மூணு லட்சத்துக்கு வரி கேட்கிறது சுத்தப் பித்தலாட்டம்.

அடுத்தது இன்சூரன்ஸ். இங்கதான் நம்மாளு பெரிய பல்பு வாங்கினான். 'டிரான்ஸிட் இன்சூரன்ஸ்'னு அவன்கிட்ட தனியா பணம் கறந்திருக்காங்க. பாலிசி எங்கேன்னா, காணோம்! அவங்க அப்பா ஒழுங்கா கட்டிட்டு வந்த ஃபுல் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படிச்சா, சாலையிலோ ரயிலிலோ வண்டி ஏத்திட்டுப் போகப்படும்போது ஆகிற சேதத்துக்கும் கவர் உண்டுன்னு அதுலயே இருக்கு. நம்ம நாட்டு வழக்கமான ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசியில இருக்கிற வரிதான் அது. நாமதான் கண்ணாடி போட்டுப் படிச்சதில்லை. வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா இது கிடையாது. அப்படி ஏதாவது தனியா எடுக்கிறதா இருந்தா, இன்சூரன்ஸ் கம்பெனி பேரும் பாலிசி நம்பரும் உள்ள பேப்பர் கைக்கு வரணும். லாரி ரசீதுல 'இன்சூர்டு'ன்னு பேனாவால எழுதினா அது இன்சூரன்ஸ் ஆகாது.

ரசீதுன்னு சொன்னேன் இல்லையா, 'எல்ஆர்'னு சொல்வாங்க. அதை வாங்காம சாவியைக் கொடுக்கவே கூடாது. காரோட நம்பர், மதிப்பு, வாடகை எவ்ளோ, பாக்கி எவ்ளோ, எங்கிருந்து எங்கே, எல்லாம் அதுல இருக்கணும். 'ஓனர்ஸ் ரிஸ்க்'னு சின்னதா அடிச்சிருக்கான்னும் பாருங்க. சேதமானா எங்க தலையில கட்டாதீங்கன்னு அவங்க முன்கூட்டியே சொல்லிக்கிறதுதான் அது.

வண்டியைக் கொடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ, டேஷ்போர்டில் கிலோமீட்டர் ரீடிங் போட்டோ, ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்டீரியோ போட்டோ. நான் சொன்னா சிரிப்பீங்க, கேரியர்ல ஏறிப் போக வேண்டிய கார் 400 கிலோமீட்டர் ரோட்ல ஓடியிருந்துச்சு! யாரு குடும்பத்தோட எங்கே டூர் போனாங்களோ! கண்ணாடியில ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக் பத்தியும் யோசிங்க. கேரியர் டோல்கேட்டைத் தாண்டும்போது மேல இருக்கிற உங்க ஸ்டிக்கரையும் மெஷின் படிச்சு காசை எடுத்துட வாய்ப்பு உண்டு.

பைக் வெச்சிருக்கிற மாணவமணிகளுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. ரயில்வே பார்சல் ஆபீஸே போதும். அதே ரயில்ல நீங்களும் போறீங்கன்னா டிக்கெட்டைக் காட்டி லக்கேஜா போடலாம். இல்லேன்னா பார்சல். ஆர்சி, அடையாள அட்டை நகல் வேணும். பெட்ரோலைச் சொட்டு விடாம இறக்கணும். சாக்கு சுத்தி பேக்கிங் பண்றதுக்கு ஆபீஸ் வாசல்லயே ஆள் இருப்பாங்க. பேரம் பேசுங்க! போய்ச் சேர்ந்ததும் சீக்கிரம் எடுத்துடணும். லேட்டானா மணிக்கணக்குல சார்ஜ் ஏறும்.

இனி நாக்பூருக்கு வருவோம். எங்க ஏரியா வக்கீல் அண்ணன் ஒருத்தர், 'போன்ல கத்தாதே தம்பி, பேப்பர்ல எழுது'ன்னார். புக் பண்ணின நாள்லேர்ந்து 180 நாளுக்குள்ள எழுத்து மூலமா நோட்டீஸ் கொடுக்கலைன்னா, பிறகு கேஸ் போடவே முடியாதுன்னு அந்த 2007 சட்டத்துலயே இருக்காம். முக்காவாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். அதோட, 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற ஊர்லயே புகார் கொடுக்கலாம். கம்பெனி ஆபீஸ் இருக்கிற ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 1915-க்கு போன் போட்டாலும் புகாரைப் பதிவு பண்ணிக்கிறாங்க.

எல்ஆர், போட்டோ, பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேர்த்து நோட்டீஸ் போச்சு. காப்பி போலீஸுக்கும். நாலே நாள்ல ஆசாமி குரல்ல அடக்கம் வந்துச்சு. 14,000 ஆறாயிரமா சுருங்கிச்சு. அந்த ஆறாயிரத்தைக் கட்டாதேன்னுதான் நான் சொன்னேன். 'அப்பாகிட்ட இன்னும் எத்தனை நாள் பொய் சொல்றது?'ன்னு கட்டிட்டான். ஆக மொத்தம் 17,500. 19,000 கேட்டவரைவிட மிச்சம் 1,500 ரூபாய். அதுக்கு 26 நாள் தூக்கமும், ஒரு சைடு மிர்ரரும், கதவுல ஒரு முழ நீளக் கீறலும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு அவனுக்கு. 12 மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வண்டியை வெச்சிருந்தா, அங்க புது நம்பர் வாங்கணும். அதுக்கு சென்னை ஆர்டிஓகிட்ட என்ஓசி வேணும். தில்லி பக்கம் போறவங்க வண்டியோட வயசையும் பார்த்துக்கங்க. 10 வருஷம் தாண்டின டீசல், 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாதுன்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2025-ல் அதுல கொஞ்சம் தளர்வு வந்துச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி அன்னிக்கு என்ன நிலவரம்னு கேட்டுக்கிறது புத்திசாலித்தனம்.

கார் வந்து சேர்ந்த அன்னிக்கு ராத்திரி, கீறல் இல்லாத பக்கமா நின்னு செல்ஃபி எடுத்து அப்பாவுக்கு அனுப்பினான். உடனே போன் வந்துச்சு.

'எல்லாம் சரிடா... நான் டேங்க் ஃபுல் பண்ணிக் கொடுத்தேனே, அது இருக்கா?'